ஹூயி: போர்க்களம் முதல் செந்தோசா வரை

1983ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 29ஆம் தேதி. மாலை ஏறத்தாழ ஆறு மணி. சிங்கப்பூரின் கெப்பல் துறைமுகப் பகுதியிலிருந்து 'எனிவெட்டோக்' என்ற எண்ணெய்த் துரப்பணக் கப்பலை இழுவைப் படகுகள் இழுத்துச் சென்றுகொண்டிருந்தன. அக்கப்பலில் உயர்ந்து நின்ற இரும்புக் கோபுரம், செந்தோசாத் தீவுக்குச் செல்லும் கேபிள் கார்களின் கம்பிவடத்தில் சிக்கியது. கம்பிவடம் பலமாக ஆடியதில் இரண்டு கேபிள் கார்கள் கடலில் விழுந்தன. ஏழு பேர் உயிரிழந்தனர். வேறு நான்கு கேபிள் கார்களில் 13 பேர் அந்தரத்தில் சிக்கிக்கொண்டனர்.

சிறிது நேரத்தில் இருட்டிவிட்டது. அவர்கள் இருந்த உயரத்திற்குக் கீழிருந்து செல்வது எளிதன்று. சேதமடைந்த கம்பிவடம் எவ்வளவு நேரம் தாங்கும் என்றும் சொல்ல முடியாது. அந்த 13 பேரையும் மீட்கும் பொறுப்பு சிங்கப்பூர்க் குடியரசு ஆகாயப்படையின் 'பெல் 212' ரக ஹெலிகாப்டர்கள் இரண்டிடம் ஒப்படைக்கப்பட்டது.

அந்த இரவில் என்ன நடந்தது என்பதை இறுதியில் பார்ப்போம். அதற்குமுன் பெல் 212 எந்தக் குடும்பத்தில் பிறந்தது, எதற்காக உருவாக்கப்பட்டது என்பதை அறிந்துகொள்வோம். அக்கதை 1950களில் அமெரிக்காவில் தொடங்குகிறது.

பல வேலைகளுக்கு ஒரே வாகனம்

இராணுவம் பயன்படுத்தும் ஹெலிகாப்டர்கள் பல வகைப்படும். சில தாக்குதலுக்கு மட்டுமே உருவாக்கப்பட்டவை. சில கனமான பீரங்கிகளையும் வாகனங்களையும் தூக்கிச் செல்பவை. இன்னும் சில கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுபவை. இவற்றிலிருந்து வேறுபட்டது பயன்பாட்டு ஹெலிகாப்டர். இது காலையில் வீரர்களை ஏற்றிச் செல்லும். நண்பகலில் அரிசி மூட்டைகளையும் குடிநீரையும் கொண்டுபோய்ச் சேர்க்கும். மாலையில் இருக்கைகளை அகற்றிவிட்டுக் காயமடைந்தவர்களைத் தூக்குப் படுக்கைகளில் ஏற்றி வரும். நம் ஊரில் கடைக்குச் சரக்கும், பள்ளிக்கு மாணவர்களும், வீடு மாறும்போது சாமான்களும் ஏற்றிச் செல்லும் வேனைப் போன்றது இது. ஒரு வேறுபாடு, இதற்குச் சாலை தேவையில்லை.

பயன்பாட்டு ஹெலிகாப்டர்களில் உலகெங்கும் பெயர் பெற்றது 'யூஎச்-1'. அதன் அதிகாரப்பூர்வப் பெயர் 'இரோகுவாய்'. வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் கூட்டமைப்பு ஒன்றின் பெயர் அது. ஆனால், அதை ஓட்டியவர்களும் அதில் பயணம் செய்தவர்களும் 'ஹூயி' என்றே அழைத்தனர்.

கொரியப் போர் கற்பித்த பாடம்

1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில், காயமடைந்த வீரர்களைக் கொண்டு செல்லச் சிறிய ஹெலிகாப்டர்கள் பெருமளவில் பயன்படுத்தப்பட்டன. அவற்றுள் முக்கியமானது பெல் நிறுவனத்தின் 'பெல் 47'. கண்ணாடிக் குமிழி போன்ற அறையில் விமானி அமர்ந்திருப்பார். காயமடைந்தவர்களுக்கு உள்ளே இடமில்லை. ஹெலிகாப்டரின் இருபுறமும் வெளியே பொருத்தப்பட்ட தூக்குப் படுக்கைகளில் அவர்கள் கட்டப்பட்டிருந்தனர்.

இந்த முறையில் ஆயிரக்கணக்கானோர் உயிர் பிழைத்தனர் என்பது உண்மை. மலைப்பாதையில் பல மணி நேரம் குலுங்கிச் செல்லும் வண்டியைவிட இது எவ்வளவோ மேல். எனினும், பறக்கும் நேரத்தில் ஒருவருக்கு இரத்தப்போக்கு அதிகமானால் யாரும் எதுவும் செய்ய முடியாது. மருத்துவ உதவியாளர் அமர்வதற்கு இடமில்லை; நோயாளியைத் தொடுவதற்கும் வழியில்லை.

ஆகவே, நோயாளிகளை உள்ளே வைத்துக்கொண்டு, பறக்கும்போதே சிகிச்சை அளிக்கக்கூடிய ஹெலிகாப்டர் தேவை என்பதை அமெரிக்க இராணுவம் உணர்ந்தது. அதே ஹெலிகாப்டர் பொதுப் பயன்பாட்டுக்கும் விமானிகளின் பயிற்சிக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்றும் விரும்பியது. பல நிறுவனங்கள் போட்டியிட்டன. 1955ஆம் ஆண்டு பெல் நிறுவனத்தின் வடிவமைப்புத் தேர்ந்தெடுக்கப்பட்டது. போர்க்கருவியாக உலகம் அறிந்த ஹூயி, காயமடைந்தவர்களைக் காப்பாற்றும் தேவையிலிருந்தே பிறந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

சிறிய இயந்திரம், பெரிய மாற்றம்

ஹெலிகாப்டர் எவ்வாறு பறக்கிறது? தலைக்கு மேலே சுழலும் இறக்கைகள் காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகின்றன. அதன் எதிர்விசை ஹெலிகாப்டரை மேலே தூக்குகிறது. இறக்கைகள் ஒரு திசையில் சுழலும்போது, உடற்பகுதி அதற்கு எதிர்த்திசையில் சுழல முயலும். அதைத் தடுக்கவே வாலில் ஒரு சிறிய சுழலி பொருத்தப்படுகிறது.

இறக்கைகளைச் சுழற்ற ஆற்றல் வேண்டும். அக்கால ஹெலிகாப்டர்களில் பெரும்பாலும் பிஸ்டன் இயந்திரங்களே இருந்தன. பழைய விமானங்களில் இருந்தவற்றைப் போன்ற அந்த இயந்திரங்கள் கனமானவை. அதிக இடத்தை அடைத்துக்கொள்பவை. ஹெலிகாப்டர் தூக்கும் எடையில் ஒரு பெரும்பகுதி அதன் சொந்த இயந்திரத்தின் எடையாகவே போய்விடும்.

பெல் நிறுவனப் பொறியாளர்கள் டர்பைன் இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தனர். காற்றை அழுத்தி, எரிபொருளுடன் எரித்து, அதிலிருந்து வெளியேறும் சூடான வாயுவால் சக்கரங்களைச் சுழலச் செய்வது டர்பைனின் தத்துவம். ஜெட் விமானத்தின் இயந்திரமும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. ஹூயியில் பொருத்தப்பட்ட 'டி53' இயந்திரத்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஆன்செல்ம் ஃபிரான்ஸ் என்ற பொறியாளர். ஆஸ்திரியாவில் பிறந்த அவர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியில் ஜெட் இயந்திரம் வடிவமைத்தவர்.

டர்பைன் எடை குறைந்தது, அளவில் சிறியது, ஆற்றலோ மிகுதி. எனவே, அதைப் பயணிகள் அறைக்கு மேலே, கூரையின் பின்பகுதியில் பொருத்த முடிந்தது. அதனால் கீழே ஓர் அகன்ற அறை கிடைத்தது. அதன் இருபுறமும் பெரிய நகரும் கதவுகள் அமைக்கப்பட்டன. வீரர்கள் சில விநாடிகளில் குதித்து இறங்கவும், தூக்குப் படுக்கைகளை நேராக உள்ளே தள்ளவும் அக்கதவுகள் உதவின. இயந்திரத்தின் எடை குறைந்ததால் மனிதர்களுக்கு இடம் கிடைத்தது. ஹூயியின் வெற்றிக்கு இதுவே அடிப்படை.

முதல் மாதிரி 1956ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் தேதி டெக்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில் வானில் எழுந்தது. நிறுவனத்தைத் தோற்றுவித்த லாரி பெல் அதே நாளில் காலமானார். தம் பெயரைத் தாங்கிய புகழ்பெற்ற ஹெலிகாப்டரின் வளர்ச்சியைக் காண அவர் உயிரோடு இல்லை.

இராணுவம் இந்த ஹெலிகாப்டருக்கு முதலில் 'எச்யூ-1' என்று பெயரிட்டது. அதன் ஆங்கில எழுத்துகளையும் எண்ணையும் சேர்த்து வாசித்தவர்கள் 'ஹூயி' என்று அழைக்கத் தொடங்கினர். 1962ஆம் ஆண்டு பெயரிடும் முறை மாற்றப்பட்டு 'யூஎச்-1' ஆனது. ஆனால் செல்லப்பெயர் மாறவில்லை.

பின்னர் வந்த 'யூஎச்-1எச்' ரகத்தின் உடற்பகுதி நீளமாக அமைக்கப்பட்டது. அதில் ஆறு தூக்குப் படுக்கைகளை வைக்கலாம்; அல்லது பத்துக்கும் மேற்பட்ட வீரர்களை ஏற்றலாம். இயந்திரத்தின் ஆற்றலும் முதல் மாதிரியின் 700 குதிரைத்திறனிலிருந்து 1,400 குதிரைத்திறனாக உயர்ந்தது.

வியட்நாமில் இரண்டு முகங்கள்

1962ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஐந்து ஹூயிகள் வியட்நாமில் வந்திறங்கின. அவை 57ஆவது மருத்துவப் பிரிவைச் சேர்ந்தவை. காடுகளும் சேற்று வயல்களும் ஆறுகளும் நிறைந்த அந்த நாட்டில் சாலை வழியாகச் செல்வது கடினம். எனவே, ஹெலிகாப்டரே காயமடைந்தவர்களின் நம்பிக்கையாக மாறியது. அம்மருத்துவப் பிரிவு வானொலியில் 'டஸ்ட் ஆஃப்' என்ற அழைப்புப் பெயரைப் பயன்படுத்தியது.

1964ஆம் ஆண்டு அப்பிரிவின் தலைவராக இருந்தவர் மேஜர் சார்ல்ஸ் கெல்லி. ஜூலை 1ஆம் தேதி காயமடைந்தவர்களை ஏற்ற அவர் தரையிறங்கியபோது எதிரிகளின் துப்பாக்கிச் சூடு தொடங்கியது. உடனே திரும்பிச் செல்லுமாறு தரையிலிருந்தவர்கள் எச்சரித்தனர். காயமடைந்தவர்களை ஏற்றிக்கொண்ட பிறகே புறப்படுவேன் என்று அவர் வானொலியில் பதிலளித்தார். சற்று நேரத்தில் குண்டு பாய்ந்து உயிரிழந்தார். அவர் சொன்ன பதில், அவருக்குப்பின் வந்த மருத்துவ ஹெலிகாப்டர் விமானிகளின் கொள்கையாக நிலைத்தது.

1965ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி இயா டிராங் பள்ளத்தாக்கில் கடும் சண்டை மூண்டது. விமானி புரூஸ் கிராண்டாலின் கடமை வீரர்களைக் கொண்டுபோய் இறக்குவது மட்டுமே. காயமடைந்தவர்களை ஏற்றுவது அவருடைய பொறுப்பன்று. ஆனால், துப்பாக்கிச் சூட்டினால் மருத்துவ ஹெலிகாப்டர்கள் இறங்க முடியாமல் போனபோது, அவரும் எட் ஃபிரீமன் என்ற விமானியும் தாமாகவே முன்வந்தனர். ஆயுதம் பொருத்தப்படாத ஹூயிகளில் மீண்டும் மீண்டும் அதே இடத்தில் இறங்கினர். போகும்போது குண்டுகளும் குடிநீரும், வரும்போது காயமடைந்தவர்கள். கிராண்டால் மட்டும் அன்று 22 முறை பறந்தார். 70க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். அமெரிக்காவின் மிக உயரிய வீர விருது ஃபிரீமனுக்கு 2001ஆம் ஆண்டிலும் கிராண்டாலுக்கு 2007ஆம் ஆண்டிலும் வழங்கப்பட்டது.

ஹூயிக்கு மற்றொரு முகமும் உண்டு. இயந்திரத் துப்பாக்கிகளும் ஏவுகணைகளும் பொருத்தப்பட்ட ஹூயிகள் தாக்குதலிலும் ஈடுபட்டன. ஹூயியின் தலைக்கு மேலே சுழல்பவை இரண்டே அகன்ற இறக்கைகள். அவை காற்றை அறைந்து எழுப்பும் 'டப் டப்' என்ற ஓசை, ஹெலிகாப்டர் கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். காயமடைந்து வயலில் கிடந்த வீரனுக்கு அந்த ஓசை உயிர் பிழைப்போம் என்ற செய்தி. ஆனால், கிராமத்தில் குழந்தையுடன் பதுங்கியிருந்த தாய்க்கோ அதே ஓசை அச்சத்தின் அறிகுறி. ஒரே ஓசை கேட்பவரின் நிலைக்கேற்ப இருவேறு பொருள் தந்தது.

இப்போரில் ஹூயியும் பெரும் விலை கொடுத்தது. வியட்நாமில் பறந்த சுமார் 7,000 ஹூயிகளில் 3,000க்கும் மேற்பட்டவை அழிந்தன. அவற்றில் பணியாற்றிய விமானிகளும் பணியாளர்களுமாக 2,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

1975ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் போர் முடிவுக்கு வந்தபோதும் ஹூயி அங்கே இருந்தது. சைகோன் நகரக் கட்டடம் ஒன்றின் உச்சியில் ஒரு ஹூயி நிற்க, அதில் ஏற மக்கள் ஏணியில் வரிசையாக நிற்கும் புகைப்படம் உலகப் புகழ்பெற்றது. தென் வியட்நாமியர் பலர் தங்கள் குடும்பத்தினரை ஹூயிகளில் ஏற்றிக்கொண்டு கடலில் நின்ற அமெரிக்கக் கப்பல்களை நோக்கிப் பறந்தனர். கப்பலில் அடுத்தடுத்து வருபவர்களுக்கு இடம் வேண்டும். ஆகவே, வந்திறங்கிய ஹெலிகாப்டர்கள் பல கடலில் தள்ளப்பட்டன. இயந்திரத்தைவிட மனித உயிர் பெரிது என்று முடிவெடுக்க வேண்டிய தருணம் அது.

போர்க்களத்திலிருந்து நெடுஞ்சாலைக்கு

போரில் கற்ற பாடம் அமைதிக் காலத்திலும் பயன்பட்டது. காயமடைந்தவரை விரைவாக மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தால் அவர் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. போர்க்களத்தில் கிடைக்கும் இந்த உதவி, நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளானவருக்கு ஏன் கிடைக்கக்கூடாது? இக்கேள்விக்கு விடையாக, 1970ஆம் ஆண்டு டெக்சஸ் மாநிலத்தில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. இராணுவ ஹூயிகள் சாலை விபத்தில் சிக்கிய பொதுமக்களை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றன. பின்னர்ப் பல நகரங்களுக்கும் இத்திட்டம் விரிவடைந்தது. அமெரிக்காவில் மருத்துவமனைகள் சொந்தமாக ஹெலிகாப்டர் சேவை நடத்துவதற்கு இதுவும் ஒரு முன்னோடி.

ஜப்பான், இத்தாலி, ஜெர்மனி, தைவான் ஆகிய இடங்களிலும் உரிமம் பெற்று ஹூயிகள் தயாரிக்கப்பட்டன. உலகெங்கும் 16,000க்கும் மேற்பட்டவை உருவாயின. அவை காட்டுத்தீயின்மீது நீர் ஊற்றின. வெள்ளத்தில் சிக்கியவர்களைக் கூரைகளிலிருந்து தூக்கின. மலையில் வழி தவறியவர்களைத் தேடின. ஜெர்மன் இராணுவம் 2021ஆம் ஆண்டுவரை ஹூயியைப் பயன்படுத்தியது. அமெரிக்க இராணுவத்தில் 'பிளாக் ஹாக்' என்ற புதிய ஹெலிகாப்டர் படிப்படியாக அதன் இடத்தைப் பிடித்தது. அங்கு 2016ஆம் ஆண்டில் கடைசி ஹூயி பணி ஓய்வு பெற்றது.

ஹூயியின் முக்கியமான குறை ஒன்று உண்டு. அதற்கு ஒரே ஓர் இயந்திரம்தான். பறக்கும்போது அது நின்றுவிட்டால் உடனே இறங்கியாக வேண்டும். கீழே கடலோ காடோ இருந்தால் என்ன செய்வது? இக்குறையைப் போக்க, 1960களின் இறுதியில் இரண்டு டர்பைன்களை இணைத்து உருவாக்கப்பட்டதே பெல் 212. ஓர் இயந்திரம் பழுதானாலும் மற்றொன்றின் உதவியால் பாதுகாப்பான இடத்தை நோக்கிப் பறக்கலாம்.

மீண்டும் செந்தோசாவுக்கு

இப்போது 1983ஆம் ஆண்டின் அந்த இரவுக்குத் திரும்புவோம். மீட்புப் பணியை வழிநடத்தியவர் அப்போது கர்னலாக இருந்த திரு. லீ சியன் லூங். பிற்காலத்தில் சிங்கப்பூரின் பிரதமரானவர் அவரே.

ஹெலிகாப்டரைப் பறக்கச் செய்வது எதுவோ, அதுவே அன்று ஆபத்தாகவும் இருந்தது. இறக்கைகள் கீழ்நோக்கித் தள்ளும் காற்றுதான் ஹெலிகாப்டரைத் தாங்கி நிற்கிறது. அதே காற்று, கீழே தொங்கும் கேபிள் கார்களை ஊஞ்சலைப்போல் ஆட்டும். அதிகமாகத் தாழ்ந்தால் கார்கள் பலமாக ஆடும். அதிகமாக உயர்ந்தால் மீட்பாளரை இறக்கும் வடம் காற்றில் அலையும். பக்கத்திலேயே கம்பிவடம் வேறு இருந்தது. இறக்கை அதில் உரசினால் அனைவருக்கும் ஆபத்து.

விமானிகள் இருளிலும் காற்றிலும் ஹெலிகாப்டரை ஒரே இடத்தில் நிலைநிறுத்தினர். வடத்தில் இறங்கிய மீட்பாளர்கள் ஆடிக்கொண்டிருந்த கார்களை அடைந்து, உள்ளே இருந்தவர்களுக்குப் பாதுகாப்புப் பட்டையை மாட்டினர். பிறகு அவர்களை ஒருவர்பின் ஒருவராக மேலே தூக்கினர். அவசரப்பட்டால் தவறு நேரும். தாமதித்தால் கம்பிவடம் தாங்காமல் போகலாம். மறுநாள் அதிகாலை நான்கு மணி ஆவதற்குள் 13 பேரும் மீட்கப்பட்டுவிட்டனர். ஒருவரும் தவறி விழவில்லை.

கருவியும் கையும்

மீட்புப் பணி எப்போதும் இப்படி மகிழ்ச்சியாக முடிவதில்லை. 2015ஆம் ஆண்டு நேப்பாளத்தைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அப்போது ஹூயியின் வழியில் வந்த புதிய ரகமான 'யூஎச்-1ஒய்' ஹெலிகாப்டர்கள் மலைக்கிராமங்களுக்கு நிவாரணப் பொருள்களைக் கொண்டு சென்றன. மே 12ஆம் தேதி அவற்றுள் ஒன்று மலையில் மோதியது. அதில் இருந்த ஆறு அமெரிக்க வீரர்களும் இரண்டு நேப்பாள வீரர்களும் உயிரிழந்தனர். பிறருக்கு உதவச் சென்ற பயணமே அவர்களின் இறுதிப் பயணமாயிற்று.

ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஹெலிகாப்டர்கள் கிராமங்களின்மீது குண்டு பொழிந்தன, காயமடைந்தவர்களைச் சுமந்தன, கடலுக்கு மேலே தொங்கியவர்களைக் கரைசேர்த்தன. கத்தி கொலைகாரனின் கையிலும் இருக்கும். அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவரின் கையிலும் இருக்கும். கருவியைக் குறை கூறுவதிலோ புகழ்வதிலோ பயனில்லை. அதை எதற்காக உருவாக்குகிறோம், யாருடைய கையில் கொடுக்கிறோம், எந்த வேளையில் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பவற்றைப் பற்றியே நாம் சிந்திக்க வேண்டும்.

அடுத்த முறை நீங்கள் செந்தோசாவுக்குக் கேபிள் காரில் செல்லும்போது, கீழே விரிந்திருக்கும் கடலைச் சற்று உற்றுப் பாருங்கள். அதே உயரத்தில், இருளில், வடத்தைப் பிடித்துக்கொண்டு முன்பின் அறியாத ஒருவரை நோக்கிக் கைநீட்டிய மீட்பாளர்களை நினைத்துப் பாருங்கள்.

சிந்தித்து விடையளி

1. கொரியப் போரில் பயன்படுத்தப்பட்ட ஹெலிகாப்டர்களில் இருந்த குறை யாது? ஹூயியின் வடிவமைப்பு அக்குறையை எவ்வாறு போக்கியது?
2. டர்பைன் இயந்திரத்தைப் பயன்படுத்தியதால் ஏற்பட்ட நன்மைகள் இரண்டினை எழுதுக.
3. 'ஒரே ஓசை கேட்பவரின் நிலைக்கேற்ப இருவேறு பொருள் தந்தது.' இக்கூற்றைப் பகுதியின் துணையுடன் விளக்குக.
4. கேபிள் கார் மீட்புப் பணியில் விமானிகள் எதிர்நோக்கிய சவால்கள் யாவை?
5. தமது பொறுப்பு அல்லாத பணியைக் கிராண்டால் ஏற்றது சரியா? உமது கருத்தைக் காரணங்களுடன் குழுவில் கலந்துரையாடுக.